என் மடிக்காகக் காத்திருந்த கண்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மெட்ராஸில் ஆராய்ச்சி மாணவன். மூளைக்குள் இரண்டு கண்களும் எப்படி இடம் பிடிக்கின்றன என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. பிறக்கும்போது இரண்டுக்கும் பொது நிலம். பார்க்கப் பார்க்கத்தான் பட்டை பட்டையாகப் பிரியும். ஒரு கண் சும்மா கிடந்தால், பங்காளி வரப்பை வெட்டுகிற மாதிரி, மற்றது உள்ளே வந்துவிடும்.

ஆடியில், செட்டிகுளத்தில் வாக்கப்பட்ட தங்கச்சியிடமிருந்து கடிதம். "பாப்பாவுக்கு வலது கண்ணு பொறந்ததுலேருந்தே வெள்ளையா இருக்குண்ணே. ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க. மொட்டை போட்டு காது குத்தாம புள்ள மேல கத்தி படக்கூடாதுங்கறாங்க மாமியார். தாய்மாமன் மடி வேணும்ல, எப்ப வர்ற?"

தையில் வருகிறேன் என்று எழுதிப் போட்டேன். கம்ப்யூட்டரில் என் முறை வரவே வாரக்கணக்காகும், விட்டால் போச்சு. புரைதானே, எப்ப எடுத்தால் என்ன என்று நினைத்தேன். அட அறிவுகெட்டவனே! நீ என்னத்தைத்தான்டா கணக்குப் போட்டுக்கிட்டிருந்தே?

மார்கழியில் ரிசல்ட் வந்தது. இடது கண்ணின் இடத்துக்கு 1, வலதுக்கு 2 என்று அச்சடிக்கும். கணக்கில் வலதைக் கொஞ்ச காலம் மூடிவைத்துப் பிறகு திறந்துவிட்டிருந்தேன். காகிதம் முழுக்க 1. எத்தனை மடிப்புப் பிரித்தாலும் 1. அப்போதுதான் அந்தக் கடிதம் சுரீரென்றது.

அன்றைக்கே பஸ் ஏறினேன். "மார்கழியில யாராவது காது குத்துவாங்களா?" என்று தங்கச்சியின் மாமியார் கத்தினார். காலில் விழுந்தேன். மறுநாளே முருகன் மலையில், மேளம் கிடையாது, சீர் கிடையாது, பாப்பாவை என் மடியில் வைத்து மொட்டை போட்டுக் காது குத்தினோம். அந்த வாரமே திருச்சியில் ஆபரேஷன்.

"கண்ணு பளிச்சுனு இருக்கு. ஆனா ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க" என்றார் டாக்டர். கண்ணாடி எழுதிக் கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடிவைக்கச் சொன்னார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது காறித் துப்பியிருந்தால் தேவலை. தங்கச்சியோ, "நீ என்னண்ணே பண்ணுவ, உனக்கு அங்க வேலை" என்றாள்.

பாப்பாவுக்கு இரண்டு வயதானபோது போனேன். தங்கச்சி நல்ல கண்ணில் துணியை ஒட்டி, கண்ணாடியை மாட்டிவிட்டு, "மாமாகிட்ட போடி தங்கம்" என்றாள். நான் மூச்சுக்கூட விடாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது சிரித்துக்கொண்டே வந்து, என்னைத் தாண்டிப் போய், "மாமா" என்று தூணைக் கட்டிக்கொண்டது.