கமாவுக்குப் பின் ஓர் எண்

"குருசுமுத்து பேதுரு" என்று தட்டி, கமா போட்டு, 41200 என்ற எண்ணையும் தட்டிய பிறகுதான் நீக்கிலாஸ் கோப்பியை வாயில் வைப்பார். ஞாயிறு பூசை முடிந்து டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்து வீட்டுக்குள் நுழைந்ததும், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் இதுதான் வேலை. திரையில் -1 வரும். பைதன் என்ற கணினி மொழியில் அதற்கு 'இல்லை' என்று பொருள்; இருந்தால், பெயர் எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறதோ அந்த எண் வரும். அதே பட்டியல், அதே பதில், மனிதர் அலுப்பதில்லை.

இறைச்சித் தொழிற்சாலையில் இருபது வருடம் கத்தி பிடித்தவர். தோள் விட்டுப்போனதும் கொம்யூன், அதாவது நகரசபை, கணினி வகுப்புக்கு அனுப்பியது. அங்கே படித்ததில் மண்டையில் நின்றது find என்ற தேடல் கட்டளை ஒன்றுதான். எதைத் தேடுவது என்று கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் நம் விருப்பம். "குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. குடுக்காட்டி முதல் எழுத்திலயிருந்து கடைசிமட்டும் தேடும்" என்று கோயில் வாசலில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் விளக்குவார். நிறுத்தும் எண்ணை அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை. தொடங்கும் எண்ணைக் கொடுக்காமல் விட்டதுமில்லை.

பேதுரு அவருடைய தம்பி. இறுதிப் போரில் காணாமல் போனவர். தொண்டர்கள் ஊர் ஊராய்க் கேட்டு எழுதிய பட்டியலில், முன்பாதி முழுக்கப் புதைக்கப்பட்டவர்கள். உயிரோடு இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்கள் 41200ஆவது எழுத்தில் தொடங்குகிறார்கள்.

மகள் அஜந்தினி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு டேனிஷில் கேட்டாள், முன்பக்கத்தை ஏன் விடுகிறீர்கள் என்று.

"அந்தப் பக்கம் அவனுக்கென்ன வேலை?" என்றார். பாவம், மனிதருக்குப் பயம்.

மன்னாரில் இருக்கும் தம்பி மனைவி விக்ரோரியாவுக்கு இதெல்லாம் தெரியாது. "லிஸ்டில இல்லை, பிள்ளை" என்று வாராவாரம் இவர் சொல்வதை முழுப் பட்டியலுக்குமான பதில் என்றே நம்பி, பதினைந்து வருடத்துக்கு மேலாகக் காத்திருக்கிறார்.

போன ஞாயிறு விக்ரோரியாவே தொலைபேசி எடுத்தார். "கார்த்திகை வருது, அண்ணை. மரிச்ச ஆக்களின்ர பூசைக்கு இவற்ர பேரையும் குடுக்கவோ, விடவோ? எனக்கு ஏலாமக் கிடக்கு. ஒண்டைச் சொல்லுங்கோ."

"தேடிப்போட்டு எடுக்கிறன், பிள்ளை."

பெயரைத் தட்டினார். கமா, 41200. கோப்பி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எண்ணை அழித்தார், கமாவையும் அழித்தார், என்டரை அழுத்தினார்.

6318.

அந்த இடத்தைத் திறந்து பார்க்கவில்லை. விக்ரோரியாவின் இலக்கத்தை அழுத்தி, கைபேசியைக் காதில் வைத்தார். மன்னாரில் மணி அடித்துக்கொண்டிருக்க, மழைக்கோட்டின் ஈரக்கையோடு வலக்கை எழுந்து நெற்றிக்குப் போனது. மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார்.