சிங்காரப்பேட்டையில் கூடுதலாக ஒரு நாள்

போன வாரம் ஓசூர் தாண்டிச் சானமாவு காட்டுக்குள் வண்டி நின்றுவிட்டது. என் வண்டி மட்டுமல்ல, முன்னும் பின்னும் எல்லா வண்டிகளும்தான். எனக்கு நேர் முன்னால் ஒரு தக்காளி லாரி. அடியில் நசுங்கிய பழத்தின் சாறு பின்கதவு வழியாகத் தாரில் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினேன். அந்தப் புளித்த ஈர வாசனை உள்ளே வந்ததுமே என் முழங்கால் இரண்டும் வலிக்க ஆரம்பித்தன. சிரிக்காதீர்கள். சிலருக்கு ஒரு வாசனை வந்தால் நாக்கில் எச்சில் ஊறும். எனக்குக் கால் வலிக்கும்.

காரணம் ராயக்கோட்டை தக்காளி மண்டி. ஒரு கார்த்திகை மாதத்தில், நடந்து களைத்த மூன்று பேர் அந்த மண்டியின் தகரக் கூரைக்கடியில் காலிக் கூடைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் படுத்திருந்தோம். குணசேகரன் அண்ணன், அவர் மனைவி ரேவதி அக்கா, நான். திருவண்ணாமலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம்.

இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷங்கள் அவை. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். குணா அண்ணன் அதே கம்பெனியில் பிளானிங் செக்‌ஷன். எந்த மெஷினில் எந்த ஷிப்டில் எந்தப் பார்ட் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பவர். தர்மபுரிக்காரர். நான் ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ என்று பேசுவதைக் கேட்டால் அவருக்கு ஒரே சிரிப்பு. பிறகு அவர் குடியிருந்த காம்பவுண்டிலேயே மாடி அறை காலியானதும் என்னைக் கூட்டிவந்து குடிவைத்தவரும் அவர்தான். அவர்களுடைய பாப்பா என்னை ‘மாடி மாமா’ என்று கூப்பிடுவாள். சுருட்டை முடி. என் செருப்பை மாட்டிக்கொண்டு காம்பவுண்டு முழுக்கச் சரக்சரக்கென்று நடப்பாள்.

பாப்பாவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. பெங்களூரில் ஆபரேஷன் என்று முடிவானபோது, குழந்தை பிழைத்தால் திருவண்ணாமலைக்கு நடந்தே வருகிறேன் என்று ரேவதி அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். பிழைக்கவில்லை. வேனில் திரும்பி வந்தார்கள். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

வருஷம் திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரசம் ஊற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: “இந்தக் கார்த்திகைக்கு நான் நடக்கப் போறன்.”

அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். “என்னாத்துக்கு? அவரு நம்ம புள்ளயக் காப்பாத்தினாரா?”

“காப்பாத்தறன்னு அவரு சொல்லவே இல்லியே. நடக்கறன்னு நாந்தான் சொன்னன்.”

  

ஆனால் அன்றைக்கே அண்ணன் நடைக்கான ஏற்பாட்டை ஆரம்பித்துவிட்டார். அக்கா அந்த ஒரு வருஷத்தில் பாதியாகியிருந்தார். சோறு இறங்காது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆகவே சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் ஏரிக்கரை வரை அக்காவை நடக்க வைத்துக் கூட்டிப்போவார். எந்த இடத்தில் உட்காருகிறார், உட்கார்ந்தால் எழ எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொள்வார். நடந்து போகிற மற்றவர்கள் ஒரே மூச்சில் ராயக்கோட்டை போய்ச் சேருவார்கள், நாம் நடுவில் உத்தனப்பள்ளியில் ஒரு இரவு தங்கிவிட வேண்டும் என்பார். வெயில் ஏறுவதற்குள் முக்கால்வாசித் தூரம் முடிந்துவிட வேண்டும். மறுநாள் எழுந்து நடக்கும் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். இப்படியே கிருஷ்ணகிரி, மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் என்று வழியைத் துண்டு துண்டாக நறுக்கினார். தீபத்தன்று போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு வந்தது.

லீவு நாட்களில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிடுவார், தங்க இடம் கேட்டுவர. மண்டி, ரைஸ் மில், பள்ளிக்கூடம், குடோன் எதையும் விடவில்லை. “படுத்துக்கங்க சார், எடத்துக்கா பஞ்சம்?” என்று எல்லோரும் உடனே சொல்லிவிடுவார்கள். அண்ணன் அதோடு விடமாட்டார். “கக்கூசுக்குக் கதவு இருக்குதுங்களா?” என்பார். ஒருவராவது அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்க வேண்டுமே! மத்தூர் ரைஸ் மில்லில் கதவு இல்லை. அடுத்த வாரமே சாக்குப் படுதாவும் ஆணியும் சுத்தியலும் கொண்டுபோய் அவரே அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். மில்காரர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது. என் பங்குக்கு நான் செய்த ஒரே ஏற்பாடு, புதிதாக ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கியது. அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

அவ்வளவு ஏற்பாடும் முதல் நாளே குலைந்தது. சானமாவு காட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பாரஸ்ட்காரர்கள் கையை விரித்து மறித்தார்கள். “ரோட்டோரமா ஆன நிக்குது. கூட்டமா நிக்குது. ஒருத்தரும் போவாதீங்க.” வெயில் ஏறி, தணிந்து, மறுபடி மஞ்சளானது. யானைகள் நகரவில்லை. அண்ணன் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். “உத்தனப்பள்ளில சொல்லி வெச்சிருக்கனே, உத்தனப்பள்ளில சொல்லி வெச்சிருக்கனே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார், யானைகளுக்குக் கேட்கட்டும் என்பது போல. அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். “ஆன போவட்டும். நமக்கு என்னா அவசரம்?”

பக்கத்துத் தோட்டத்து அம்மா எங்களைக் கூப்பிட்டு வீட்டு முன்கூடத்தில் இடம் கொடுத்தார். தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். சுடச்சுடக் களி உருண்டையும் கீரைக் குழம்பும் வைத்தார். வைத்துக்கொண்டே, யாரும் யாரையும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார், முதலில் தெலுங்கில், பிறகு தமிழில்: “பில்லலு எந்தமந்தி? பசங்க எத்தினி பேரும்மா?”

அண்ணன் சட்டென்று, “காலைல ரோடு தெறந்துடுவாங்களாம்மா?” என்றார்.

அக்கா அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு பொண்ணு. போன வருசம் செத்துட்டா.”

ஒரு வருஷமாக அண்ணன் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.  அந்த அம்மா அக்காவின் தட்டில் இன்னொரு களி உருண்டையை வைத்து நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றினார். அக்கா அதையும் சாப்பிட்டார்.

மறுநாள் காட்டைக் கடந்தோம். வழியில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. உத்தனப்பள்ளியில் நிற்காமல் சாயங்காலம் ராயக்கோட்டை வந்து விழுந்தோம். மண்டிக்காரர் மனைவி அதே கேள்வியைக் கேட்டார். கிருஷ்ணகிரிக்கு வெளியே பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் வீட்டிலும் கேட்டார்கள். மத்தூர் மில்லிலும் கேட்டார்கள். தங்க இடம் கொடுக்கிறவர்கள் வேறென்ன கேட்பார்கள்? ஒவ்வொரு இடத்திலும் அக்கா அதே வாக்கியத்தைச் சொன்னார். பிறகு ஒன்றிரண்டு வாக்கியம் கூடச் சேர்ந்தது. சுருட்டை முடி என்று சொன்னார். செருப்பு மாட்டிக்கொண்டு நடப்பதைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அண்ணன், நாளைய வழியை விசாரித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். அந்த வழியெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்த நாட்களில் நாங்கள் என்ன பேசிக்கொண்டு நடந்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் பேசவில்லை. கால்கட்டை விரலில் தொடங்கி இடுப்பு வரை ஒரே பாரம். அதிகாலையில் எழுந்தால் உடம்பு பக்கத்தில் வேறு யாருடையதோ போலக் கிடக்கும். எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். என் ஷூ மத்தூர் தாண்டியதும் குதிகாலைக் கடித்து எடுத்துவிட்டது. பாப்பா மாதிரி யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு தேய்த்துத் தேய்த்து நடந்தேன். ஆனால் நடக்க முடியாமல் உட்கார்ந்தவர் அக்கா இல்லை, அண்ணன்தான். ஊத்தங்கரை நெருங்கும்போது மைல்கல்லுக்கு மைல்கல் உட்கார ஆரம்பித்தார். அக்கா நின்று காத்திருப்பார்.

சிங்காரப்பேட்டையில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு வேர்க்கடலைக் குடோன். பொழுது சாய்கிற நேரம். அக்கா காலைக் கழுவிவிட்டு வந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். குடோன்காரருக்கு நாற்பது வயதிருக்கும். கலகலப்பான ஆள். தூக்கில் டீ வாங்கிவந்து எங்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்து கேட்டார்: “சாருக்கு எத்தினி பசங்க?”

பதில் சொல்ல அக்கா விழித்திருக்கவில்லை. அண்ணன் எழுந்து போகப் பார்த்தார். கால் எழவில்லை.

“ஒரு பொண்ணு” என்றார்.

“என்னா வயசு?”

அண்ணன் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். “நாலு ஆவுது.”

“அடடா, சின்னப் புள்ள. யாருகிட்ட உட்டுட்டு வந்தீங்க?”

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “தெரியலீங்களே” என்றார். “யாருகிட்ட உட்டன்னு தெரியலீங்க.”

அதற்குப் பிறகு அவர் அழுதது, நான் அதுவரை எந்த ஆம்பிளையிடமும் கேட்டிராத அழுகை. வேனில் வந்த நாளில்கூட அவர் அழவில்லை. சுடுகாட்டுக்கு யார் யார் வர வேண்டும், டீக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகில் கையை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி வழியில் கையை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடோன்காரருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கி, வெளியே நின்ற லோடுமேன்களை, “அப்பறமா வாங்கப்பா” என்று அனுப்பினார். அக்கா விழித்துக்கொண்டார். “அழாதீங்க” என்று சொல்லவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

விடிந்தபோது அண்ணனுக்கு நல்ல காய்ச்சல். ஆனாலும் பையைத் தேடினார். “இன்னைக்கு செங்கம் போயிடணும். இல்லன்னா தீபம் போயிடும்.”

“போவட்டும்” என்றார் அக்கா. “ஏத்தினா பத்துப் பதினோரு நாளு மலமேலதான் எரியும். எங்கியும் ஓடாது. நீங்க படுங்க.”

அன்று முழுக்க அங்கேயே இருந்தோம். குடோன்காரர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. அக்கா லோடுமேன்களோடு உட்கார்ந்து கடலை உடைத்தார். மத்தியானத்துக்கு மேல் அண்ணனும் அக்காவும் பாப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அந்தச் சுருட்டை முடி யார் வீட்டுச் சாயல் என்பதில் கொஞ்சம் சண்டைகூட வந்தது. நான் மூட்டைக்குப் பின்னால் தூங்குகிற மாதிரி கிடந்தேன். தூங்கவில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

திருவண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது தீபம் ஏற்றி ஒரு நாள் ஆகியிருந்தது. செங்கம் ரோட்டில் வரும்போதே, இருட்டத் தொடங்கிய வானத்தில் மலை உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. கூட்டம் கலைந்துவிட்ட தெருக்களில் கரும்புச் சக்கையும் ஒற்றைச் செருப்புகளும் குவிந்துகிடந்தன. அக்கா கோபுரத்துக்கு முன்னால் நின்றார். கைகூப்பவில்லை. “வந்துட்டன்” என்றார், கேட் திறந்த வீட்டுக்காரரிடம் சொல்வது போல. பிறகு திரும்பிவிட்டார்.

“அவ்வளவுதானாக்கா?” என்றேன்.

“அவ்ளோதான்.”

பஸ்ஸில் திரும்பினோம். அத்தனை நாள் நடந்ததை அந்த வண்டி அரை நாளில் சுருட்டிவிட்டது. கிருஷ்ணகிரி தாண்டியதும் அக்கா கண்ணைத் திறந்து, “அடுத்த வருசமும் வரலாங்க. வேண்டுதல் ஒண்ணும் இல்லாம, சும்மா நடக்கலாம்” என்றார். அண்ணன், “சரி, அப்ப எடமெல்லாம் முன்னாடியே கேக்க வேணாம்” என்றார். மூவரும் சிரித்தோம்.

அடுத்த கார்த்திகைக்கு முன்பே கம்பெனியை மூடிவிட்டார்கள். அண்ணனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. கொஞ்ச காலம் போன் பேசினோம். பிறகு அந்த எண்ணில் வேறு யாரோ எடுத்தார்கள். எங்கள் காம்பவுண்டு இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட். குடோன்காரர் இறந்துபோனதாக சிங்காரப்பேட்டைப் பக்கம் போனபோது சொன்னார்கள். குடோனும் இல்லை, வரிசையாகக் கடைகள்.

ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வரை அண்ணன் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்த இடத்திலெல்லாம் புளியமரங்கள் இருந்தன. ரோட்டை அகலப்படுத்த வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருந்தார்கள். எண் போட்ட அடிமரங்கள் கொஞ்ச நாள் வழி நெடுகக் கிடந்தன. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு போனேன். அவையும் இல்லை.