இரண்டு படிக்கட்டுக்கு ஒரு கதிரை

லூர்தம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. மியூனிக்கிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், வயல்களுக்கு நடுவே உள்ள வெள்ளைச் சுவர் வீட்டில் முப்பத்தொரு வருடங்களாக இருக்கிறார். அமெரிக்காவின் ஷேக்கர் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தாரைப் பார்த்துத் தொடங்கிய வீடு அது. அங்கே கல்யாணம் இல்லை, தனிச்சொத்து இல்லை, மேசை கதிரையில் ஒரு பூ வேலைப்பாடுகூட இல்லை. ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒன்று. ஒருவர் படியில் மற்றவர் கால் வைக்கக் கூடாது.

அகதியாக முகாம் முகாமாக அலைந்தவருக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போயிற்று. அன்று பதினாறு பேர். இன்று அவரும், மாடியில் எண்பத்திரண்டு வயதுச் சகோதரர் ஜூலியனும்தான் மிச்சம். இரண்டு பேருக்கு இரண்டு படிக்கட்டு! ஆண்டவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

படி இறங்க முடியாததால் ஜூலியன் செபத்துக்கு வராமல் நான்கு மாதமாகிறது. மூன்று வேளையும் லூர்தம்மா பெண்கள் படியால் ஏறி, அவர் கதவடியில் சாப்பாட்டை வைத்துவிட்டு வருவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, ஏறினாலும் இறங்கினாலும் அந்த முழங்காலுக்கு அதே கதிதான்.

டுசல்டோர்ஃபில் இருக்கும் தங்கை மகள் கம்சனாதான், படிக்கட்டில் ஓடும் மின்கதிரை கேட்டுக் காப்புறுதிக்கு அன்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிப் போட்டாள். பதில் வந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, ஒரு படிக்குத்தான் தருவினமாம். உங்கட பக்கம் பூட்டச் சொல்லுங்கோ. நீங்களும் விழுந்தால் ரெண்டு பேரையும் முதியோர் இல்லத்திலதான் விடுவினம்."

"அவர் எப்பிடிப் பிள்ளை இறங்கிறது?"

"உங்கட படியால இறங்கட்டுமன்!"

"அது ஏலாது."

கதிரையைப் பொருத்த வந்தவன் எந்தப் பக்கம் என்று கேட்டான். தனக்கென்று ஒன்றும் கேட்டுப் பழகாத கை, மனதைக் கேளாமலே ஆண்கள் படியைக் காட்டிவிட்டது. அவன் போன பிறகு லூர்தம்மா அடுப்படியில் இருந்து தன்னையே திட்டினார். என்ன புண்ணியம்? இனி எத்தனை நாளைக்கு ஏறுவது? அலுத்துவிட்டது, ஆண்டவரே, உண்மையாகவே அலுத்துவிட்டது.

மறுநாள் காலை கஞ்சியோடு பெண்கள் படியில் ஒரு காலை வைத்தபோது, மறுபக்கம் மோட்டார் இரைந்தது. ஜூலியன் வந்து இறங்கினார். தடியை ஊன்றி எழுந்தார்.

"இனி நான் கீழே வந்து சாப்பிடுகிறேன். நீங்கள் இதில் ஏறிப்போய் உங்கள் அறையில் கொஞ்சம் படுங்கள்."

"இது சகோதரர்களின் படி."

"எந்தச் சகோதரர்கள்?" என்றார் ஜூலியன்.

லூர்தம்மா கஞ்சியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கதிரையில் உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தவில்லை. போய்விட்ட பதினான்கு பேரையும் பெயர் பெயராக நினைத்து, முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக இன்னொருவர் பார்க்க அழுதார்.