அக்கா உயிரோடு வாங்கிய மரணக்காசு

அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி அவள் மாமா நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் சொல்லிவிட்டாள். நான் நிறையப் பேசுகிறவன் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் பிறந்ததும் அதே லயத்து வரிசையில், அதே ஒற்றை அறைக் காம்பராவில். அம்மா மலைக்கு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போக வேண்டும். நான் அங்கே இருக்காமல் அழுதேனாம். அதனால் அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தி என்னைப் பார்க்க வைத்தார்கள். அப்போது அவர் மூன்றாம் வகுப்பு. பிறகு நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். அக்கா திரும்பப் போகவில்லை. ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை.

கல்யாணம் ஆகி லுணுகலைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்தார். அம்மாவும் அப்பாவும் போனபிறகு என்னையும் கூட்டிக்கொண்டார். எனக்குக் கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை கிடைத்தது. அத்தான் நல்ல மனிதர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அவருக்கு ஈடு இல்லை. மகள் நடக்கப் பழகிய காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டில் ஒன்றும் இல்லை. சவப்பெட்டிக்கும் பந்தலுக்கும் கொடுத்தது தோட்டத்து மரண சகாய சங்கம். எல்லாருடைய சம்பளத்திலும் மாதாமாதம் கொஞ்சம் பிடிப்பார்கள். ஒருவர் செத்தால் அவர் பேரில் அந்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். தோட்டத்தில் அதற்கு மரணக்காசு என்று பெயர். அத்தானை மரியாதையாக அனுப்பி வைத்தது அந்தக் காசு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அக்கா செய்த காரியம் அந்தக் காசின் அருமை தெரியாமல் செய்தது இல்லை.

காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு அக்கா பிந்திப் போனதில்லை. மழையிலும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுப்பார். நனைந்த கொழுந்து என்று சொல்லி கணக்குப்பிள்ளை தண்ணீருக்காக எடையைக் கழிப்பார். "அந்தத் தண்ணியையும் நாந்தானுங்க சொமந்தேன்" என்று அக்கா சொல்வார். அவர் சிரித்துக்கொண்டே கழிப்பார். அக்காவும் விடாமல் அடுத்த நாளும் சொல்வார்.

மகள் நன்றாகப் படித்தாள். உயர்தர வகுப்பு படிக்க பதுளைக்கு பஸ்ஸில் போய் வந்தாள். பஸ்ஸுக்கும் டியூஷனுக்கும் அக்காவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்குக் கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் வந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து அப்படி யாரும் அதுவரை போனதில்லை. மூன்று லயத்துக்கும் அக்கா சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தார்.

பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. படிப்புக்குக் காசு கட்ட வேண்டியதில்லை, அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. உதவிப்பணமும் உண்டு. ஆனால் அது, பிள்ளை போய்ச் சேர்ந்து பல மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். அதுவரை தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், புத்தகம் வாங்க வேண்டும். மெத்தையும் வாளியும்கூட நாமே கொண்டுபோக வேண்டும். சொன்ன நாளில் போய்ப் பதியாவிட்டால் இடம் போய்விடும்.

அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பதுளையில் ஒரு வங்கிக்குப் போனார். படிப்புக் கடன் தருவோம், அரசாங்க உத்தியோகம் பார்க்கும் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். எங்கள் லயத்தில் அரசாங்க உத்தியோகத்தர் யாரும் இல்லை. கடிதம் கொண்டுவருகிறவர்கூட டவுனில் இருந்துதான் வருவார். மகளின் பள்ளியில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் இருந்தார். "நான் கையெழுத்து வைக்கிறன். மற்ற ஆளைப் பாருங்கோ" என்றார். மற்ற ஆள் கிடைக்கவில்லை. ஓய்வுக்கென்று சம்பளத்தில் பிடிக்கும் எங்கள் சேமலாப நிதியில் கை வைக்க எனக்கும் வயது போதாது, அக்காவுக்கும் போதாது. மகள், வேண்டாம் அம்மா, நான் தோட்டத்துப் பள்ளியிலேயே படிப்பித்துக்கொண்டு இருக்கிறேன் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில் சங்கத்துக் கூட்டம். அக்கா எழுந்து நின்று, தன் பேரில் உள்ள மரணக்காசை இப்போதே தந்துவிடும்படி கேட்டார். முதலில் எல்லாரும் விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள்.

தலைவர் சொன்னார்: "தங்கச்சி, இது சாவுக்குள்ள காசு. செத்தாத்தான் குடுக்கலாம்."

"செத்தா கட்டாயம் குடுப்பீங்கதானே அண்ணே?"

"அதுல சந்தேகம் என்ன?"

"நான் சாகாம இருந்துருவேன்னு சந்தேகமா?"

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். ஆனால் அவர் யோசிக்கிற ஆள். "சரி, குடுத்துட்டோம்னு வையி. நாளைக்கு நீ போனா ஒன்னை எதை வச்சு எடுக்கிறது?" என்று கேட்டார்.

அக்கா சொன்னார்: "என்னைத் தூக்கிப் போட தோட்டமே வரும் அண்ணே. நாத்தம் வந்தா நீங்களே தூக்குவீங்க. என் மகளைத் தூக்கி விடத்தான் ஆளில்ல."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவள் மரணக்காசு வாங்கினால் வீட்டுக்கு ஆகாது என்று பின்னால் இருந்து இரண்டு பேர் சொன்னார்கள். அத்தான் போனதைவிட என்ன ஆகாமல் போகும் என்று அக்கா கேட்டார். தலைவர் என் பக்கம் திரும்பினார். நாளைக்கு அக்காவுக்கு ஒன்று ஆனால் நீ காசு கேட்டு வரக்கூடாது என்றார். வரமாட்டேன் என்றேன். கொடுத்துவிட்டார்கள். மகள் குறித்த நாளில் போய்ப் பதிந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததை இந்த மலர் கிடைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

லுணுகலையில் நாங்கள் சாமான் வாங்கும் முஸ்லிம் நானாவின் கடையில் வைத்து, எங்கள் சங்கத்து ஆள் ஒருவர், அக்காவுக்கு மரணக்காசு கொடுத்தாயிற்று என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் தேங்காய் இறக்கிக்கொண்டிருந்த லொறிக்காரர் நமுனுகுலப் பக்கம். மரணக்காசு கொடுத்தால் ஆள் செத்தாயிற்று என்றுதானே அர்த்தம். அவர் போய் எங்கள் தாய்மாமனிடம் சொல்லிவிட்டார்.

மாமா, செத்தவருக்கு உடுத்தும் பிறந்த வீட்டுக் கோடி வாங்கிக்கொண்டு, சொந்தக்காரப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். ரோட்டு முடக்கிலேயே பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டு, யார் வீட்டிலோ சாவு என்று கூடையோடு ஓடி வந்தார். நானும் ஸ்டோரிலிருந்து வந்து சேர்ந்தேன். லயத்து வாசலில் மாமாவைக் கண்டதும் அக்காவும் அழத் தொடங்கிவிட்டார்.

"மாமா, யாரு மாமா செத்தது?"

மாமா கோடிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். பிறகு வாசல் கல்லில் உட்கார்ந்தார்.

"நீதாண்டி" என்றார்.

மாமாவுக்குக் கோபம் அடங்கவில்லை. ஒரு நாள் பேரையும் சம்பளத்தையும் வெட்டிக்கொண்டு, பஸ் மாறி, வழியில் மறித்துச் சோதித்த ஆமிக்காரனிடம் செத்த வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி வந்திருக்கிறோம், திரும்பிப் போகும்போது அவனிடம் என்ன சொல்வது என்று கேட்டார். வந்ததும் வந்தீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அக்கா ரொட்டி சுட்டார். காரணம் தெரிந்தபிறகு மாமா ரொட்டியைச் சாப்பிட்டார். போகும்போது, மகளுக்கு அனுப்பு என்று என் கையில் கொஞ்சம் வைத்தார்.

மிஞ்சியது கோடிப் புடவை. வெள்ளை, மெல்லிய நீலக் கரை. கோடியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஆற்றில் விட வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். அக்கா கையை நீட்டினார். "எனக்குன்னு வாங்கினதுதானே. குடுங்க" என்றார். மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தார்.

முதல் மாதங்கள் மரணக்காசில் போயின. பிறகு உதவிப்பணம் வந்தது. லீவில் மகள் லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். அப்படியே படித்து முடித்தாள். பட்டமளிப்புக்கு அக்கா அந்த நீலக்கரைப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனார். வேண்டாம் என்று நான்கூடச் சொன்னேன். இதைவிட நல்ல புடவை தன்னிடம் இல்லை என்றார். அங்கே யாரோ ஒருவர் அவரை டீச்சர் என்று கூப்பிட்டாராம். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார். அக்கா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

மகளுக்கு ஆசிரியர் வேலை கிடைத்ததும் சங்கத்துக் காசைத் திருப்பிக் கட்டினாள். அக்காவின் பேரை மறுபடியும் சேர்த்துக்கொள்வதாகத் தலைவர் சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் ஒருக்கா செத்தது போதும் அண்ணே. அடுத்த புள்ளைக்குக் குடுங்க" என்றார். அப்படித்தான் அது தொடங்கியது. இப்போது எங்கள் தோட்டத்தில் யாராவது மேலே படிக்கப் போனால், ஒரு பெரியவர் தன் பேரில் உள்ளதை முன்னால் வாங்கிக் கொடுக்கலாம் என்று சங்கத்தில் வழி இருக்கிறது. மரணக்காசில் படிக்கிற பிள்ளை என்று சொல்வார்கள். கேட்கிற வெளியாட்கள் பயப்படுகிறார்கள். நாங்கள் பழகிவிட்டோம். மகள் அரசாங்க உத்தியோகம் என்பதால், வங்கிக் கடன் கேட்கும் பிள்ளைகளுக்கு அவளே பிணைக் கையெழுத்தும் வைக்கிறாள்.

கடைசிக் காலத்தில் அக்காவுக்குப் பிரஷர். பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் போனபோது கண்ணைத் திறந்து, "தம்பி, கீழ்லயத்துப் பொண்ணுக்கு ரிசல்ட் வந்துருச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். வந்ததும் வந்து சொல் என்றார். வருவதற்குள் போய்விட்டார்.

தலைவர் அப்போதும் காசோடு வந்தார். சட்டம் என்னவாக இருந்தாலும் சங்கம் கொடுக்கும் என்றார். அக்கா வாங்கிவிட்டார் என்று சொல்லி நான் வாங்கவில்லை. கேட்டு வரமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்ன சொல் அது. அக்கா சொன்னதுபோலத் தோட்டமே வந்தது. அன்றைக்கு மலையில் ஆள் இல்லை. மரணக்காசில் படித்தவர்கள் வேலைக்கு லீவு போட்டு வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி நான்தான் கொண்டுவர வேண்டும். கடைக்குப் போகக் கிளம்பினேன். மகள் அக்காவின் தகரப் பெட்டியைத் திறந்து நீலக்கரைப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். அதையே உடுத்தி அனுப்பினோம்.

வார்டில் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸ்மாருக்கும், குழி வெட்டிய தம்பிமாருக்கும், முதல் கையெழுத்துக்கு ஆள் நானே என்று முன்வந்த ஆசிரியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மூன்று நாளும் அரிசியும் சீனியும் அனுப்பிய லுணுகலைக் கடை நானாவுக்கும் நன்றி. செய்தி முதலில் கிளம்பியது தன் கடையில் என்று அவர் இன்றைக்கும் வருத்தப்படுகிறார். தேவையில்லை. அதனால்தான் அக்காவுக்கு ஒரு நல்ல புடவை கிடைத்தது.

கீழ்லயத்துப் பெண்ணுக்கு ரிசல்ட் வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் இடமும் வந்துவிட்டது. அக்காவிடம் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிட்டேன். சங்கத் தலைவர் அண்ணனுக்கு: என் பேரில் உள்ளதை அந்தப் பெண்ணுக்கு இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.

நமுனுகுலப் பக்கத்துச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. செய்தி கேட்டுக் கோடியோடு வந்துவிட வேண்டாம். நான் உயிரோடுதான் இருக்கிறேன்.