பின் சீட்டில் யார் உட்காருவார்கள்

கார்க் கண்ணாடி மாற்றும் அந்தக் கடையில் பதினாறு வருடமாகத் தொலைபேசி எடுப்பவளுக்கு 'விவரம்' என்று பெயர் வைத்தவர் முதலாளி. பாராட்டி வைத்த பெயரா, கடுப்பில் வைத்த பெயரா என்பது அன்றன்றைய வியாபாரத்தைப் பொறுத்தது.

போன் செய்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பின் கண்ணாடி உடைஞ்சுபோச்சு, மாத்த எவ்வளவு ஆகும்?" மற்ற கடைகளில் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லி வரவழைத்துவிடுவார்கள். விவரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. "எந்த வருஷத்து வண்டிங்க? பின்னாடி வைப்பர் இருக்கா? கண்ணாடியில மெல்லிசா கோடு கோடா ஓடுதா? ரேடியோ ஏரியல் கூரை மேல நிக்குதா, கண்ணாடிக்குள்ளயே இருக்கா? மேல இருக்கற சிவப்பு பிரேக் லைட்டு கண்ணாடியில ஒட்டியிருக்கா, கதவுல இருக்கா?" என்று ஆரம்பிப்பாள். விலை கேட்டால் வாழ்க்கை வரலாறு கேட்கிறது அந்தம்மா என்று பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

அவள் பக்கமும் நியாயம் உண்டு. வைப்பருக்கு ஓட்டை இல்லாத கண்ணாடியை வரவழைத்துவிட்டு அப்புறம் ஓட்டை போட முடியாது. போட்டால் பொலபொலவென்று உதிர்ந்து காலடியில் கிடக்கும். அந்த மெல்லிய கோடுகள் கண்ணாடியில் படியும் ஈரத்தைச் சூடேற்றி ஓட்டுபவை. அவை இல்லாத கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனவர், முதல் குளிரில் பின்னால் வருவது லாரியா ஆடா என்று தெரியாமல் திண்டாடித் திரும்பி வருவார். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற ஜனங்கள்தான் உலகத்தில் அதிகம் என்பது விவரத்தின் தீர்மானமான கருத்து. ஆகவே அவர்கள் தன்னைக் கேட்க வேண்டிய கேள்விகளையும் சேர்த்து அவளே சொல்லிக்கொடுப்பாள். கண்ணாடி புதுசா, வேறு வண்டியில் கழற்றியதா என்று கேளுங்கள். கோடுகள் சூடாகிறதா என்று கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் ஒழுகினால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். சிலர் இந்தக் கேள்விகளைப் பக்கத்துத் தெருக் கடையில் போய்க் கேட்டு, அங்கேயே மாற்றிக்கொண்டார்கள் என்பது முதலாளியின் தீராத வயிற்றெரிச்சல்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்று கேட்பாள்: "பின் சீட்டுல யாரு உக்காருவாங்க?"

பின் கண்ணாடி உடைந்தால் துண்டு துண்டாக உடையாது. உப்புக்கல் மாதிரி ஆயிரம் பொடிக்கல்லாகி, சீட்டின் இடுக்கில், பெல்ட் மாட்டுகிற குழியில், டயர் வைக்கும் பள்ளத்தில் என்று எங்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் யாரும் உட்காருவதில்லை என்றால் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டி முடித்துவிடலாம். சின்னப் பிள்ளை உட்காரும் என்று சொல்லிவிட்டால் விவரம் பின் சீட்டையே கழற்ற வைப்பாள். கண்ணாடி மாட்டும் ஃபிட்டர், "அக்கா, பிள்ளை இல்லாத வண்டியே வராதா நம்ம கடைக்கு?" என்று புலம்பிக்கொண்டே கழற்றுவார்.

இப்படிப்பட்டவள் வாயால் கெட்டாள் என்றால் யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

அவளுக்கு இருபத்து நாலு வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். தங்கைக்குப் பன்னிரண்டு. தங்கையை வளர்த்ததும், படிக்க வைத்ததும், காய்ச்சலுக்குக் கண் விழித்ததும் இவள்தான். அதை அவள் சொல்லிக் காட்டியது கிடையாது. சொல்லிக் காட்டாமலே காட்டத் தெரிந்தவள் என்று தங்கை ஒருமுறை சொன்னதுண்டு. தங்கை ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பி வீட்டுக்கு அழைத்துவந்தபோது விவரம் அவனை இரண்டு மணி நேரம் துருவித் துருவி எடுத்தாள். முந்தின வேலையை ஏன் விட்டாய், உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, வாடகை வீட்டை யார் பெயரில் எடுத்திருக்கிறாய். அவனும் பொறுமைசாலி, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் அவன் அலுவலகத்துக்கே போன் செய்து, ஆள் நிரந்தரமா தற்காலிகமா என்று விசாரித்துவிட்டாள். அலுவலகம் முழுக்க அவனைப் பார்த்துச் சிரித்தது.

தங்கை பெட்டியைக் கட்டும்போது கத்தவில்லை. "உனக்கு மனுஷங்க வேண்டாம்க்கா, விவரம்தான் வேணும்" என்று மட்டும் சொன்னாள். பதிவாளர் அலுவலகத்தில் நடந்த கல்யாணத்துக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. ஒன்பது வருடம் ஆயிற்று. ஒரே ஊரின் இரண்டு முனைகளில் இருவரும் இருந்தார்கள். தங்கைக்குப் பிள்ளை பிறந்ததா, இல்லையா என்பதுகூட ஊரில் எல்லார் விவரமும் தெரிந்த விவரத்துக்குத் தெரியாது. யாரிடமாவது விசாரித்தால் தெரிந்திருக்கும். விசாரித்ததால்தானே வந்தது வினை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் போன் அடித்தது.

"பின் கண்ணாடி மாத்தணும். பக்கத்து வீட்டுல புல்லு வெட்டற மெஷின்ல கல்லு தெறிச்சிடுச்சு" என்றது ஒரு பெண் குரல். பிறகு, மூச்சைச் சின்னதாக உள்ளே இழுத்துவிட்டு, "நீங்க போடறது புதுக் கண்ணாடியா, வேற வண்டியில கழட்டினதா?" என்று கேட்டது.

அந்த மூச்சில் விவரத்துக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடப் பாடத்தை ஒப்பிக்கும்போது அடுத்த வரிக்கு முன்னால் தங்கை இழுக்கிற மூச்சு அது. பேனாவைக் கீழே வைத்தாள். ஆனால் பதினாறு வருடத்தில் அவளுக்கென்று ஒரு கடைக்குரல் உண்டாகியிருந்தது. வீட்டுக்குரலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்தக் கடைக்குரல் அவள் உதவி இல்லாமலே பேசியது. "புதுசுதாங்க. எந்த வருஷத்து வண்டி?"

வைப்பர், கோடு, ஏரியல், பிரேக் லைட் எல்லாம் வரிசையாக வந்தன. கடைசிக் கேள்வி தொண்டைக்குள் வந்து நின்றது. கேட்டால் தெரிந்துவிடும். பின் சீட்டில் ஒரு பிள்ளை உட்காருகிறதா, இல்லையா. ஆனால் ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேரிடம் சாதாரணமாகக் கேட்டதை இவளிடம் கேட்க நாக்கு எழவில்லை. மறுபடியும் அக்கா குடைய ஆரம்பித்துவிட்டாள் என்று அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டால்?

"கண்ணாடி வர மூணு நாளாகும். வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க" என்று முடித்துக்கொண்டாள்.

ஃபிட்டர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என்னக்கா, பின் சீட்டை விட்டுட்டீங்க?"

"உன் வேலையைப் பாரு."

செவ்வாய்க்கிழமை அதே குரல் மறுபடியும் வந்தது. கோடுகள் சூடாகிறதா என்று காட்டுவீர்களா என்று கேட்டது. காட்டுவோம் என்றாள் விவரம். புதன்கிழமை மூன்றாம் தடவை. தண்ணீர் ஊற்றிப் பார்ப்பீர்களா, பின்னால் ஒழுகினால் என்ன செய்வது?

"ரெண்டு வருஷம் வரைக்கும் எங்க பொறுப்புங்க. எழுதியே தருவோம்."

பிறகு, "உங்க கடையில பின் சீட்டுல யாரு உக்காருவாங்கன்னு கேப்பாங்கன்னு சொன்னாங்க. நீங்க கேக்கவே இல்லையே" என்றது குரல். "பொண்ணு உக்காருவா. அஞ்சு வயசு. சீட்டைக் கழட்டி சுத்தம் பண்ணணும்."

"பண்ணிடலாங்க" என்று சொல்லி விவரம் போனை வைத்தாள். பின்பக்க அறைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதாள். அஞ்சு வயது. அவளுக்குத் தங்கை மகள் ஒருத்தி இருந்திருக்கிறாள், அஞ்சு வருடமாக. அந்தப் பிள்ளையின் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. அதற்கு மேல் ஆசைப்படத் தனக்கு யோக்கியதை இல்லை என்றும் நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயந்திரம் முதலாளியிடம் மறுநாள் லீவு கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்கவில்லை. வியாழக்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, யாரும் கேட்காமலே மேசையைத் துடைத்தாள்.

பத்து மணிக்கு, பின்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய கார் உள்ளே வந்தது. தங்கை மட்டும் இறங்கினாள். இளைத்திருந்தாள். காதோரம் நரை. அக்காவைப் பார்த்தாள், திடுக்கிடவில்லை, சிரிக்கவும் இல்லை.

"போன் பண்ணியிருந்தேன்."

"ஆமாங்க. சாவி கொடுங்க."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரி நடந்துகொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சுலபமில்லை, ஆனால் அந்த வீட்டுப் பெண்களுக்கு அதில் நல்ல தேர்ச்சி. தங்கை சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தாள். ஃபிட்டர் தாளைக் கிழித்தார், பழைய பசையைச் சுரண்டினார், பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். சீட்டோடு பிள்ளை உட்காரும் சின்ன நாற்காலியும் வந்தது.

"அதை இங்க கொடு" என்றாள் விவரம்.

பதினாறு வருடத்தில் அவள் மேசையை விட்டு எழுந்து வேலைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியைத் தரையில் வைத்து, மெல்லிய பிரஷாலும் சின்ன இடுக்கியாலும் மடிப்பு மடிப்பாகக் கண்ணாடிப் பொடியை எடுத்தாள். மேசைமேல் போன் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளியே வந்து எடுத்து, ஒரு தொகையைச் சொல்லி ஒரே நிமிடத்தில் முடித்தார். தோள்பட்டை வார் மூன்றாவது துளையில் இருந்தது. அப்படியென்றால் பிள்ளை இவ்வளவு உயரம். இடுக்கில் பாதி தேய்ந்த பச்சைப் பென்சில் கிடந்தது. ஒற்றைக் கால் உறை ஒன்றும். விவரம் அவற்றை உதறி, ஓரமாக வைத்தாள். முதுகுக்குப் பின்னால் தங்கை பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. திரும்பவில்லை. வாய் வரைக்கும் வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக மென்று முழுங்கினாள். பேர் என்ன, யார் ஜாடை, நன்றாகச் சாப்பிடுகிறாளா, அவளிடம் ஒரு பெரியம்மா இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறாயா.

பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது. ஃபிட்டர் கோடுகளைச் சூடேற்றித் தங்கையின் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒயரெல்லாம் சரியாக இருந்தது. பிரேக் லைட் எரிந்தது. குவளையால் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. இனிமேல் காய விட்டு, சாவியைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

தங்கை மேசைக்கு வந்தாள். இதுவரைக்கும் கேட்காத கேள்வி ஒன்று அவளிடம் பாக்கி இருந்தது. "ஒட்டின பசை காயணும்ல? எவ்வளவு நேரம் கழிச்சு வண்டியை எடுக்கலாம்?"

இரண்டு மணி நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விவரம் அதைத்தான் சொல்வாள். இரண்டு மணி நேரம் கழித்து, நாலு கதவில் ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கதவை ஓங்கி அறையாமல் ஓட்டிக்கொண்டு போகலாம். அதாவது மத்தியானம் இரண்டு மணிக்குத் தங்கை கிளம்பிவிடுவாள். அப்புறம் இரண்டு வருடத்துக்குள் ஒழுகினால்தான் வருவாள். அந்தக் கடையில் ஒட்டினது ஒழுகாது.

"அஞ்சு மணி நேரம்" என்றாள் விவரம்.

கை கழுவிக்கொண்டிருந்த ஃபிட்டர் குழாயை மூடினார். வாடிக்கையாளரிடம் அக்கா பொய் சொல்லி அவர் கேட்டதில்லை.

"மத்த கடையில ரெண்டுன்னு சொன்னாங்களே" என்றாள் தங்கை.

"அது அவங்க பசை." ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணை வேண்டியிருந்தது. விவரத்துக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"எங்க பசை கொஞ்சம் சோம்பேறிம்மா" என்றார் ஃபிட்டர், துணியில் கையைத் துடைத்தபடி. "சொல்பேச்சு கேக்காது. மெதுவாத்தான் பிடிக்கும். ஆனா பிடிச்சா விடாது."

மேசைமேல் அந்தப் பசைக் குழாய் கிடந்தது. தங்கை அதை எடுத்தாள். அக்காவால் வளர்க்கப்பட்டவள், கையில் கிடைக்கும் எதிலும் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் விடமாட்டாள். குழாயின் நடுவில் கடிகாரப் படம் போட்டு, பெரிதாக '2' என்று இருந்தது. விவரமும் அதைப் பார்த்தாள். மறுக்க ஒன்றுமில்லை என்று தலையைக் குனிந்துகொண்டாள். செய்த வேலைக்குச் சீட்டு எழுதுகிற மாதிரி வெறும் பேனாவைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று நின்றாள்.

தங்கை குழாயை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"மத்த கடைங்களுக்கு ஒரு தடவைதான் போன் பண்ணேன். இங்கதான் மூணு தடவை" என்றாள்.

விவரம் நிமிர்ந்தாள்.

"அஞ்சு மணி நேரம்னா சாயந்திரம் ஆயிடும். மூணு மணிக்கு ஸ்கூல் விட்டுடும். கார் இல்லாம நடந்துதான் போய்க் கூட்டிட்டு வரணும்." தங்கை மூச்சைச் சின்னதாக இழுத்தாள். "நீயும் வர்றியாக்கா?"

எந்தப் பள்ளிக்கூடம், எவ்வளவு தூரம், உன் வீட்டுக்காரர் என்ன சொல்வார், பிள்ளைக்கு என்ன சொல்லிவைத்திருக்கிறாய் என்று எதையும் கேட்காமல், "வர்றேன்" என்றாள் விவரம்.