நான் ஒளித்து வைத்த கியர் ஆணி

போன கிழமை கராஜில் என் காருக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற பழைய லொறியின் கியர்பெட்டியைத் திறந்தார்கள். கியர் ஒயிலின் வாசம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அவித்த முட்டை கெட்டுப்போனால் வருமே, அதோடு கொஞ்சம் மண்ணெண்ணெயும் சேர்ந்த மாதிரி. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். நான் அசையாமல் இருந்தேன். ஒரு காலத்தில் அந்த வாசத்தைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தவன் நான். மனைவியைக் கேட்டால் இன்றைக்கும் ஏசுவாள்.

சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுக்க வீடு கட்டினார்கள். ஆரையம்பதி ஆளான நானும் பக்கத்து ஊரான காத்தான்குடி றபீக்கும் கூட்டாக ஒரு கிழட்டு லொறியை வாங்கி மணல், கல், தகரம் என்று ஏற்றினோம். எங்களிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. தமிழ் ஊர்களுக்குள் நான் ஓட்டுவேன், முஸ்லிம் ஊர்களுக்குள் அவன் ஓட்டுவான். எல்லை வந்ததும் லொறியை நிறுத்தி இருவரும் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றிப்போய் ஆள் மாறி ஏறுவோம். தள்ளி நின்று பார்த்தால் இரண்டு பைத்தியங்கள் லொறியை வலம் வருகிற மாதிரி இருந்திருக்கும். வாழைச்சேனையில் இருந்து தேற்றாத்தீவு போய்ச் சேர்வதற்குள் எத்தனை வலம் என்று எண்ணிச் சிரிப்போம்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பவும் சூடுபிடித்தது. "வாகனம் ஒருக்காத் தேவைப்படுது" என்று ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். யார் என்று கேட்கிற வழக்கம் அப்போது இல்லை. போன வாகனம் சிலநேரம் திரும்பி வரும். வந்த பிறகு அது எங்கே போனது என்று விசாரிக்க வேறு ஆட்கள் வருவார்கள். அதனால் யாரும் ஓட்டிப்போக முடியாதபடி, பொழுது சாயும் முன்பே வாகனக்காரர் எல்லாரும் கியர் தடியைக் கழற்றினோம். ரப்பர் உறையை மேலே சுருட்டி, மூடியை உள்ளங்கையால் அமுக்கி இடப்பக்கம் ஒரு திருகு திருகினால் சுருள்கம்பி துள்ளும், தடி கையோடு வந்துவிடும். துவாரத்தைச் சீலைத்துண்டால் அடைத்துவிட்டு, தடியைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். லொறி இரண்டு ஊருக்கும் நடுவில், பாழடைந்த ஆலைச் சுவரோரம் நிற்கும். தடி ஒருநாள் என்னிடம், ஒருநாள் றபீக்கிடம்.

அந்த நாட்களில் சந்தேகம் எங்களுக்குச் சோற்றோடு சேர்ந்து வந்தது. கடைக்காரர் "எங்க, தூரமா?" என்று கேட்டால், இவருக்கு ஏன் இது என்று யோசிப்பேன். அப்படியிருக்கும்போதுதான் சீலைத்துண்டைக் கவனித்தேன். நான் அடைத்த துண்டு ஒயில் ஊறிக் கறுத்துக் கிடக்கும். றபீக் தடி கொண்டுபோகிற நாட்களில் மட்டும் அடுத்த காலை உடுத்துப் பழசான சாரத்தில் கிழித்த, துவைத்த துண்டு ஒன்று இருக்கும். றபீக்கிடம் தடியை வாங்கி இரவில் யாரோ லொறியை எடுத்து ஓட்டியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். டயர்ச் சில்லுக்குக் கீழே ஓட்டுத்துண்டு வைத்துப் பார்த்தேன். அது அசையவே இல்லை. அசையாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. கள்ளன், அதே இடத்தில் கொண்டுவந்து விடுகிறானே என்று நினைத்தேன். இவ்வளவு கெட்டிக்காரனாகிய எனக்கு, அவனிடமே ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

கியர் தடியின் அடியில் ஒரு உருண்டை உண்டு. அது சுழலாமல் பிடிக்க உள்ளே விரல்நகம் அளவில் ஓர் ஆணி இருக்கும். ஆணி இல்லாவிட்டால் தடி சும்மா சுற்றும், கியர் விழாது. ஒரு சனிக்கிழமை மாலை, தடி றபீக்கோடு போகிற முறையில், அவன் முகம் கழுவப் போன நேரம் பார்த்து அந்த ஆணியைக் குறட்டால் இழுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் எங்களுக்கு ஓட்டம் இல்லை. பழைய டயர் பார்க்க பஸ் ஏறி வாழைச்சேனைக்குப் போனேன், ஆணியும் என்னோடு வந்தது.

அன்று காலையில்தான் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியது. அங்கே பழுகாமத்தில் என் அக்கா. வயல்வட்டையில் அறுத்த நெல் அப்போதுதான் மூட்டையாகி வீட்டுக்கு வந்திருந்தது. எனக்குப் போன் அடித்துப் பார்த்துக் கிடைக்காமல் அவள் றபீக்குக்கு அடித்திருக்கிறாள்.

"தம்பிட போன் வேல செய்யுதில்ல. லொறியக் கொண்டு வாறியா மனே? புள்ளயளையும் நெல்லையும் ஏத்தணும்."

"வாறன்கா. வெளிக்கிட்டு நில்லுங்க."

தமிழ் ஊர்களுக்குள் போகிற அந்தப் பாதையில் தனியாக லொறி ஓட்ட அவன் துணிந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் லொறி ஆலைச் சுவரை விட்டு நகரவில்லை. கடைசியில் யாரிடமோ மோட்டார்சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஓடி, பட்டிருப்புப் பாலத்தடியில் தப்பி வந்த சனத்துக்குள் அக்காவையும் பிள்ளைகளையும் தேடிப்பிடித்து இரண்டு தடவையாக ஏற்றி வந்தான். லொறி வரும் என்று நம்பி அத்தான் நெல்லுக்குக் காவல் நின்றுவிட்டார். நாலாம் நாள் அவரை ஆஸ்பத்திரியில் கண்டோம். ஷெல் பட்டு இடது கால் முழங்காலோடு போயிருந்தது.

நான் அந்த ஞாயிறு மாலை திரும்பியபோது றபீக் லொறிக்குக் கீழே மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். முழங்கை வரை கிறீஸ்.

"மன்னிச்சிரு மச்சான். உள்ளுக்கு இரிக்கிற ஆணியக் காணல்ல. பெட்டிக்குள்ள மணல் போகுதெண்டு என்ட நாளையில விடிய வந்து சீல மாத்துறநான். அப்பக்குள்ள விழுத்திட்டன் போல."

ஆணி என் பையில் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். "விழுந்திருக்கும், விடு" என்றேன். அவன் விடவில்லை. நானும் முழங்காலில் நின்று அவனோடு சேர்ந்து தேடினேன். இதைவிடக் கேவலமாக நான் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை.

புது ஆணியை அவனே கடைந்து எடுத்து வந்து போட்டான். "இனித் தடி ஒன்ட வீட்டயே இரிக்கட்டும், எனக்குக் கவனம் காணா" என்று சொல்லிவிட்டான்.

இப்போது எல்லாம் தார் மெழுகிய காப்பெட் றோட்டு. காவலரண்கள் இல்லை. லொறி பழைய இரும்புக்குப் போய்விட்டது, ஆலைச் சுவர் இருந்த இடத்தில் கடைகள். எல்லை எங்கே இருந்தது என்று கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது. அத்தானும் போன வருடம் போய்விட்டார்.

இந்தப் பெருநாளைக்கும் றபீக் சாப்பாட்டோடு அக்கா வீட்டுக்கு வந்தான். அத்தானின் படத்துக்கு முன்னால் நின்று, "என்னாலதான் அத்தான்" என்று வழக்கம்போல அழுதான். நான் பக்கத்தில் நின்றேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா அவன் தோளைத் தொட்டு, "உன்னில பிழையில்ல மனே, சாப்பிட வாங்க ரெண்டு பேரும்" என்றாள். போய்ச் சாப்பிட்டேன்.