காப்பிக்கடைக் கூரையில் என் குரல்

எங்கள் குடும்பத்தில் புத்தகத்தைக் கையில் எடுத்து வாசித்த முதல் ஆள் நான். அத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முற்றத்தில் உட்கார்ந்து, அண்டை வீட்டுக்கும் கேட்கட்டும் என்றே உரக்க வாசிப்பேன். அம்மா பக்கத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். துணிக்கொடியில் கிளி உட்கார்ந்திருக்கும்.

கல்யாணத்துக்குத் துணி எடுக்க அத்தாவின் கடைக்கு வந்த கீழக்குயில்குடியில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர், அதைக் குஞ்சாகக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாதான் பொட்டுக்கடலை மாவைக் குழைத்து விரல் நுனியில் ஊட்டி வளர்த்தார்கள். இறக்கை முளைத்ததும் வெட்டிவிடச் சொல்லாதவர்கள் இல்லை. அம்மா மசியவில்லை.

"போனாப் போகட்டுமே. பசிச்சாத் தானா வந்துரும்."

அப்படித்தான் வந்தது. பகலெல்லாம் எங்கோ சுற்றிவிட்டு, நான் வாசிக்க உட்காரும் நேரத்துக்குக் கொடியில் இருக்கும்.

ஒரு விடுமுறை நாளில், மத்தியானச் சோற்றுக்கு வரும் அத்தா வழக்கத்துக்கு முன்பே ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"நீ வீட்லயா இருக்க?"

முகம் வெளுத்திருந்தது. தெருமுனைக் காப்பிக்கடையைத் தாண்டும்போது என் குரல் கேட்டதாம். "கேக்குதாம்மா? இன்னொரு தரம் வாசிக்கவா?" ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் நான்தான் போய் நிற்கிறேன் என்று அத்தா நினைத்துவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரைமேல் கிளி. கீழே இருந்தவர்கள், "வாசி தாயி, நல்லா வாசி!" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். ஒருவன், "என்ன ராவுத்தரே, பள்ளிக்கூடமே இங்க வந்துருச்சு!" என்றானாம்.

திரை போட்ட வண்டியில் பள்ளிக்குப் போய்வருகிறவள் நான். அந்தக் கடையில் இருப்பவர்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் நான் பெருமைக்காக அம்மாவிடம் கேட்டுவைக்கும் கேள்வியை, என் குரலிலேயே கேட்டு, பதிலும் சொல்லியிருக்கிறார்கள்.

"கிளிதானே பேசுச்சு?" என்றார்கள் அம்மா.

"பேசுனது கிளி. குரலு யாரு குரலு? எம்புட்டுப் பேரு நின்னு கேட்டானுங்க தெரியுமா?" அத்தா என் பக்கம் திரும்பினார்கள். "ஒண்ணு, அதோட இறக்கையை வெட்டணும். இல்ல, நீ இனிமே வாய்விட்டு வாசிக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு."

"நான் மனசுக்குள்ளயே வாசிச்சுக்கிறேன் அத்தா. பெரிய வகுப்புல எல்லாம் அப்படித்தான் வாசிப்பாங்க," என்றேன். கிளியையும் காப்பாற்றி, பெரிய வகுப்புக்காரி என்றும் காட்டிக்கொண்டதில் எனக்குத் திருப்தி.

அன்று சாயங்காலம் உதடு அசையாமல் வாசித்தேன். அம்மா கல் பொறுக்கினார்கள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது முற்றமெல்லாம் பச்சை இறகு. கடையில் துணி வெட்டும் கத்தரி அம்மாவின் மடியில் கிடந்தது. கட்டைவிரலில் கிளி கடித்த இடத்தில் இரத்தம். கிளி அம்மியின் பின்னால் ஒடுங்கியிருந்தது. ஊட்டி வளர்த்த கையா இது என்று அந்த விரலையே பார்த்தேன்.

"யாரும்மா வெட்டுனது?"

"நான்தான்."

"அத்தா திட்டுனாங்களா?"

"அவங்களுக்கு இன்னும் தெரியாது."

"நான்தான் மனசுக்குள்ள வாசிக்கிறேன்னு சொன்னேனே! ஏம்மா வெட்டுன?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அப்படி ஒரு கோபத்தை அதற்கு முன் அந்த முகத்தில் பார்த்ததில்லை.

"நீ மனசுக்குள்ள வாசிச்சா எனக்கு எப்படிடி கேக்கும்?"

அம்மா அத்தனை நாளும் அரிசிக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"முந்தாநாத்து, கப்பல் உடைஞ்சதோட நிறுத்திட்ட. அதுல இருந்தவங்க என்னானாங்க?"

புத்தகத்தைப் பிரித்தேன். எழுத்து அலைந்தது. எப்படியோ குரலெடுத்து ஒரு வரி வாசித்தேன். அதைக் கேட்டதும் அம்மியின் பின்னாலிருந்து கிளி கொடியை நோக்கி எழும்பியது. முழங்கால் உயரம்கூட ஏறவில்லை. பொத்தென்று தரையில் விழுந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

"அங்க பாக்காத," என்றார்கள் அம்மா. "வாசி."

கிளி தத்தித் தத்தி நடந்து அம்மாவின் பாதத்தில் ஏறப் பார்த்தது. அம்மா காலை இழுத்துக்கொண்டார்கள்.

"அந்த ஆளுக பிழைச்சாங்களா இல்லையா?"